ஆளுக்கொரு ஷட்ஜம்

வீணை, வயலின், கிடார் மூன்றையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்து, ‘ஆரம்ப நிலை குழு வகுப்பு’ என்று பலகை மாட்டியவர் பெரிய நம்பிக்கைவாதி. ஒரு மணி நேர வகுப்பில் பாதி, சுருதி சேர்ப்பதற்கே போய்விடும். வயலினின் நான்கு தந்திகளையும் ச-ப-ச-ப என்று முறுக்கி முடிப்பதற்குள், வீணையின் ஏழில் இரண்டு இறங்கியிருக்கும். கிடார்ப் பையன் மட்டும் செல்போனில் பச்சை விளக்கு எரிந்துவிட்டதாக அறிவித்து, யாரும் கேட்காத சினிமாப் பாட்டை ஆரம்பிப்பான்.

அப்புறம் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை. புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் பாடம் எல்லாருக்கும் ஒன்றுதான். விரல்களுக்கு நியாயம்தான் ஒன்றல்ல. வீணைக்கு 24 மெட்டுகள் உண்டு. ஸ்வரம் பிசகினால், மெட்டைத் தாங்கும் மெழுகின்மேல் பழி போடலாம். வயலினுக்கு மெட்டே கிடையாது. கரண்ட் போன வீட்டில் தீப்பெட்டி தேடுவதுபோல் ரிஷபத்தைத் தடவிப் பார்க்க வேண்டும்.

ஆனாலும் குழு வகுப்புக்கு ஒரு மகத்துவம் உண்டு: அபஸ்வரம் யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது. பிள்ளைகளுக்கு அது தைரியம். வாசலில் காத்திருக்கும் பெற்றோருக்கோ, அது பக்கத்துப் பிள்ளையுடையதுதான் என்ற நிம்மதி. “இரண்டாம் காலம்!” என்பார் ஆசிரியர். அவரவர் சொந்தக் காலத்தில் வாசிப்பார்கள்.

ஜண்டை வரிசையே தொடங்கியிருக்காது, ஒரு அம்மா மெல்லக் கேட்பார்: “சார், இந்த மார்கழிக்கு ஏதாவது சபாவில் ஸ்லாட் கிடைக்குமா?”