120 மணி நேர அண்ணன்

நான் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் (என்.எஸ்.எஸ்.) சேர்ந்ததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, சான்றிதழ். இன்னொன்று, ஏழு நாள் முகாமில் விடிய விடிய அரட்டை. 1969-ல், காந்தி நூற்றாண்டு ஆண்டில், இந்தத் திட்டத்தைத் தொடங்கியவர்கள் 'எனக்காக அல்ல, உனக்காக' என்ற பொருளில் ஒரு வாசகம் வைத்தார்கள். சான்றிதழில் மட்டும் என் பெயர்தான் இருந்தது.

வருடத்துக்கு 120 மணி நேரம் சேவை செய்து, டைரியில் கையெழுத்து வாங்க வேண்டும். சனிக்கிழமை தோறும் பக்கத்து நடுநிலைப் பள்ளிக்குப் போய், ஆளுக்கொரு பிள்ளைக்கு வழிகாட்டச் சொன்னார்கள். எனக்கு வாய்த்தவன் ஏழாம் வகுப்பு. டீக்கடைக்காரர் மகன்.

ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். "தம்பி, பெரியவனாகி என்ன ஆகப்போற?"

என்னைப் பாவமாகப் பார்த்தான். "போன வருஷம் வந்த அண்ணன் கலெக்டர்னு எழுதிக்கிட்டாரு. அதுக்கு முந்தி வந்த அக்கா டாக்டர்னு எழுதினாங்க. உங்களுக்கு எது வசதிண்ணா?"

சரி, பாடத்துக்குப் போவோம் என்று பின்னம் ஆரம்பித்தேன். கரும்பலகையில் ஒரு தோசை வரைந்து ஐந்தாகப் பிரித்தேன்.

"தோசையை யாருண்ணா அஞ்சா வெட்டுவா?" என்றவன், என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிக்கொண்டான். "நான் ஒண்ணு கேக்குறேன். ஒரு லிட்டர் பால்ல கால் லிட்டர் தண்ணி ஊத்தினா, மொத்தத்துல தண்ணி எத்தனை பங்கு?"

"கால் பங்கு" என்றேன், யோசிக்காமல்.

"அஞ்சுல ஒண்ணுண்ணா."

நான் அப்போது பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு. இதை அவனிடம் சொல்லவில்லை.

மனக்கணக்கில் புலியான அவனுக்கு, அதையே நோட்டில் எழுதச் சொன்னால் பேனா நகராது. விடை மட்டும் ஓரத்தில் இருக்கும். பாதி மதிப்பெண் போய்விடும். இங்கேதான் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. நாலு மாதம் மல்லுக்கட்டி, அவனை ஒவ்வொரு படியாக எழுத வைத்தேன். நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

பதிலுக்கு அவன் என் கணக்கைச் சரிபார்த்தான். "வாரத்துக்கு ரெண்டு மணி நேரம்னா, 120-க்கு அறுபது சனிக்கிழமை வேணும். வருஷத்துக்கே அம்பத்திரண்டுதானேண்ணா?"

"மிச்சத்துக்குப் பேரணி, மரம் நடுறதெல்லாம் இருக்குடா."

"ஓ, அந்தக் குழியா! போன வருஷமும் அதுலதான் நட்டாங்க."

பிப்ரவரியில் 120 மணி நேரமும் நிறைந்தது. தலைமையாசிரியரிடம் டைரியைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வந்தவனும் அவன்தான். "முடிஞ்சிருச்சாண்ணா? அடுத்து யாரு வருவாங்க?" என்றான். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல் சாதாரணமாகத்தான் கேட்டான். எனக்குத்தான் பதில் வரவில்லை.

ரோஷம் வந்து, அடுத்த சனிக்கிழமையும் போனேன். "டைரியை மறந்துட்டீங்களா?" என்றான். இல்லை, சும்மாதான் வந்தேன் என்றேன். நம்பவில்லை. ஆனாலும் கடையிலிருந்து டீ வாங்கி வந்து கொடுத்தான். தண்ணீர் அஞ்சில் ஒன்றுக்கு மேலேயே இருக்கும்.

அதற்கடுத்த வாரம் செமஸ்டர் வேலை வந்தது. போகவில்லை. அப்புறமும் போகவில்லை.

இப்போது டைரியும் கையுமாகக் கிளம்பும் தம்பி தங்கைகளே, பிள்ளைகளிடம் லட்சியம் கேட்காதீர்கள். எத்தனை சனிக்கிழமை வருவீர்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவர்கள் கணக்கில் கெட்டி.