கடன் கவலைக் கனவான்

அமெரிக்கக் காங்கிரஸின் இரு அவைகளிலும் தவறாமல் காணக்கூடியவர் கடன் கவலைக் கனவான். குடியரசுக் கட்சிக்காரர். கருநீல சூட், அதில் ஒரு கொடிச் சின்னம். நாட்டின் கடனை நினைத்தால் அவருக்குத் தூக்கம் வராது. இந்தத் தூக்கமின்மைக்குக் கால அட்டவணை உண்டு. நான்காண்டுக்கு ஒருமுறை ஜனவரி 20 நண்பகலில் அதிபர் பதவியேற்பார். பதவியேற்பவர் ஜனநாயகக் கட்சிக்காரர் என்றால் அன்று பிற்பகலே கவலை தொடங்கிவிடும். சொந்தக் கட்சிக்காரர் என்றால் கனவான் நிம்மதியாகத் தூங்குவார்.

கவலைக் காலத்தில் அவர் பேச்சில் பேரப்பிள்ளைகள் இடம்பெறுவார்கள். பிறந்த பேரன், பிறக்கப்போகும் பேத்தி என்று வேறுபாடு பாராமல் ஒவ்வொரு தலைக்கும் இத்தனை டாலர் என்று கடனை வகுத்துச் சொல்வார். பக்கத்தில் தாங்கியில் ஒரு பெரிய அட்டை நிற்கும். அதில் சிவப்புக் கோடு மேலே ஏற ஏறக் கனவானின் விரலும் ஏறும், கூடவே குரலும். சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து வரவுக்குள் செலவை அடக்கும் சாமானியக் குடும்பமும் தவறாமல் வரும்.

2011-இல் ஒபாமா ஆட்சியில் இந்தக் கவலை உச்சத்துக்குப் போனது. அமெரிக்க அரசு எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதற்குச் சட்டப்படி ஒரு வரம்பு உண்டு. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட செலவுக்குப் பணம் கட்டவே அந்த வரம்பை உயர்த்த வேண்டும். செலவைக் குறைத்தால்தான் உயர்த்துவோம் என்று கனவான்கள் ஆகஸ்ட் 2 கெடுவரை இழுத்தடித்தார்கள். உடன்பாடு சட்டமான மூன்றாம் நாள் ஸ்டாண்டர்டு அண்டு புவர்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் கடன் தரத்தை, வரலாற்றில் முதல்முறையாக, ஒரு படி இறக்கியது. மறு ஆண்டு டாம்பாவில் நடந்த கட்சி மாநாட்டு அரங்கிலேயே கடன் ஓடும் கடிகாரத்தை மாட்டி வைத்தார்கள்.

2017 ஜனவரியில் டிரம்ப் வந்தார், கவலை போனது. அந்த டிசம்பரில் நிறைவேறிய வரிக்குறைப்புச் சட்டம் பத்தாண்டில் பற்றாக்குறையைச் சுமார் 1.5 லட்சம் கோடி டாலர் கூட்டும் என்று மதிப்பிடப்பட்டது. வளர்ச்சியே அதை ஈடுகட்டிவிடும் என்றார் கனவான். வேலையின்மை 4 சதவீதத்துக்கும் கீழே இருந்த 2019-இலேயே ஆண்டுப் பற்றாக்குறை ஒரு லட்சம் கோடி டாலரை நெருங்கியது. பெருந்தொற்றுச் செலவும் சேர, நான்காண்டில் மொத்தக் கடன் சுமார் 20 லட்சம் கோடியிலிருந்து 28 லட்சம் கோடியாயிற்று. பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேச்சில்லை. பள்ளிக்குப் போயிருக்கலாம்.

2021-இல் பைடன் வந்ததும் பிள்ளைகள் திரும்பினார்கள். 2023-இல் மறுபடி கடன் வரம்புச் சண்டை, மறுபடி கெடு. 2025-இல் டிரம்ப் திரும்பியதும் ஒரே சட்டத்தில் அந்த வரம்பு 5 லட்சம் கோடி டாலர் உயர்ந்தது. அதே சட்டம் பத்தாண்டில் பற்றாக்குறையை 3.4 லட்சம் கோடி கூட்டும் என்றது காங்கிரஸ் பட்ஜெட் அலுவலகம். கனவானுக்கோ கணக்குப் போட்டவர்கள் மேல்தான் கோபம். ஏற்கெனவே கொடுத்துவரும் வரிச்சலுகையை நீட்டித்தால் அது செலவே இல்லை என்று செனட்டில் புதுக் கணக்கும் போடப்பட்டது.

மற்றக் கொள்கைகளிலும் அவர் இப்படித்தான். தேர்தல் ஆண்டில் உச்ச நீதிமன்ற நீதிபதியை நியமிக்கக் கூடாது என்பது 2016-இன் கொள்கை. 2020-இல் தேர்தலுக்கு எட்டு நாள் இருக்கும்போது ஒருவரை நியமித்தாயிற்று.

இந்தக் கனவான் இனத்தில் விதிவிலக்குகளும் உண்டு. 2018 பிப்ரவரியில் செனட்டர் ராண்ட் பால், சொந்தக் கட்சி ஒபாமாவைத் திட்டிய பற்றாக்குறையை இப்போது தானே கூட்டுகிறதே என்று செனட்டில் மறித்து நிற்க, அரசு சில மணிநேரம் முடங்கியது. கென்டக்கியின் தாமஸ் மாஸி கடன் எண்கள் ஓடும் சின்னக் கடிகாரத்தைச் சட்டையில் குத்திக்கொள்பவர். எந்தக் கட்சி ஆண்டாலும் அதைக் கழற்றியதில்லை. 2025 சட்டத்துக்கு எதிராக அவர் வாக்களித்ததும், அவரைத் தோற்கடித்தே தீருவேன் என்று டிரம்ப் கிளம்பினார். கனவான்களுக்கு இத்தகையவர்கள் பெரிய தொல்லை.

எதிர்க்கட்சியில் இருக்கும்போது கடனைத் திட்டுவது ஒரு கட்சியின் தனிச் சொத்து இல்லை. 2006-இல் கடன் வரம்பு உயர்வை எதிர்த்து வாக்களித்த செனட்டர்களில் ஒபாமாவும் ஒருவர். அது தவறு என்று பிற்பாடு அவர் ஒப்புக்கொண்டார். கனவானிடம் அந்த வழக்கம் கிடையாது.

கனவான் மேல் எரிச்சல் வருவது இந்த இரட்டை வேடத்தால் மட்டும் இல்லை. கடன் உண்மையிலேயே கவலைக்குரியது. 2024 நிதியாண்டில் வட்டிச் செலவு ராணுவச் செலவையே தாண்டிவிட்டது. நாட்டுக்கு வரவு நன்றாக இருக்கும் ஆண்டில்தான் கடனைக் குறைக்க முடியும். அந்த ஆண்டில் தம் கட்சி ஆண்டால் இவர் தூங்குகிறார். விழித்திருக்கும் ஆண்டிலோ இவர் சொல்வதை யாரும் நம்புவதில்லை.