பொட்டிக்குள்ள வெச்சா சாகாவரமா?

ஏஞ்சாமி, தவணையில பிரிட்ஜு வாங்கிட்டீங்களாமா? நல்லதாப் போச்சு. இனி உங்க ஊட்டுல எதுவுமே கெடாது. ஞாயித்துக்கெழமை ஆட்டுன மாவு அடுத்த ஞாயிறு வரைக்கும் வரும், வெள்ளிக்கெழமை வெச்ச கொழம்பு தீவாளி வரைக்கும் வரும். பனியன் கம்பெனியில ஓ.டி. பாத்துட்டு ராத்திரி 10 மணிக்கு வர்ற புருசம்பொண்டாட்டிக்கு இதவிடச் சொகம் வேறென்ன? போறதுக்கு முன்னால இந்தக் கெழவன் சொல்றதையும் காதுல போட்டுட்டுப் போங்க.

அந்தப் பொட்டி கிருமியக் கொல்லாது அம்மிணி. சோம்பேறியாக்கும், அவ்வளவுதான். 5 டிகிரிக்குக் கீழ இருந்தா பெரும்பாலானது மெதுவாத்தான் பெருகும். 5க்கும் 60க்கும் நடுவுல உட்டா கும்மாளம் போடும். அதனால ஆக்குனதை 2 மணி நேரத்துக்குள்ள உள்ள வெச்சிரோணும். நீ என்னடான்னா, "சூடு ஆறட்டும்"னு அடுப்பு மேடையில வெச்சுட்டு நைட் ஷிப்டுக்குப் போயிட்டு, காத்தால வந்து உள்ள தள்ற. எந்த ஊரு நாயம் இது? அதுக்காகக் கொதிக்கற குண்டானை அப்படியே ஏத்திராத, பக்கத்துல இருக்கற பாலுக்கும் சேத்துக் காய்ச்சல் வந்துரும். அகலமான ரெண்டு மூணு ஏனத்துல பிரிச்சு ஊத்து, வெரசா ஆறும்.

ஞாயித்துக்கெழமையானா பல்லடத்துக் கறிக்கோழி வந்துருது. அதை மேல்தட்டுல சிம்மாசனம் போட்டு உக்கார வெச்சிருக்கற. ரத்தத் தண்ணி சொட்டுச் சொட்டா எறங்கி, கீழ இருக்கற தயிருக்கும் தக்காளிக்கும் அபிசேகம் நடக்குது. அபிசேகத்தை அவிநாசி கோயில்ல பாத்துக்கலாம். பச்சைக் கறிய மூடி போட்ட டப்பாவுல அடைச்சு அடித்தட்டுல வெய்யி. பாலைக் கதவுல வெக்காத, தொறந்து தொறந்து மூடறதுல அதுதான் அதிகமாச் சூடேறுற எடம்.

நாலு நாள் தாண்டுன கொழம்பை மோந்து பாத்துட்டு, "நல்லாத்தான் இருக்குது, ஒரு கொதி உட்டா சரியாப் போயிரும்"ங்கற. சில கிருமி செத்தாலும், அது உட்டுட்டுப் போன நஞ்சு எத்தனை கொதிச்சாலும் போகாது; வாசமும் காட்டிக் குடுக்காது. கம்பெனி செக்கிங்ல ஒரு தையல் உட்டுப்போனாலே பீஸைத் தூக்கி வீசற கை, ஊட்டுல மட்டும் எல்லாத்தையும் பாஸ் பண்ணுது!

மாசாந்திரப் பராமரிப்புன்னு காத்தால 9 மணிக்குக் கரண்டைப் புடுங்குனா சாயங்காலந்தான் வரும். நீங்க கம்பெனியில ஜெனரேட்டர் வெளிச்சத்துல தெச்சுட்டு இருப்பீங்க, இங்க பொட்டிக்குள்ள வேர்த்துக் கொட்டும். கதவைத் தொறக்காம வெச்சா 4 மணி நேரம் தாங்கும். அதுக்கு மேல போனா கறி, பாலு, ஆக்குன சோறு கொழம்பெல்லாம் கெட்டதுன்னுதான் கணக்கு. எத்தனை மணிக்குக் கரண்டு போச்சுன்னு திண்ணையில கெடக்கற என்னைக் கேளு. வேற வேலை எனக்கென்ன இருக்குது?

இனி மாப்ளைக்கு ஒரு வார்த்தை. லைன் ஊட்டுல எடமில்லீன்னு பொட்டியச் செவுத்தோட ஒட்டி வெச்சுட்டு, மேல வேஸ்ட் துணிய வேற மலையாட்டக் குமிச்சிருக்கறே. நம்மூருப் பஞ்சுத் தூசி உன்ற சட்டையில ஏறி வந்து, பொட்டிக்குப் பின்னாடி கம்பளி போத்தியிருக்குது. சூடு வெளிய போக வழியில்லாம கம்ப்ரஸர் ராப்பகலா ஓடுது. பிளக்கைப் புடுங்கிட்டு அந்தத் தூசியத் தட்டு. செவுத்துக்கும் பொட்டிக்கும் நடுவுல அரை அடி உடு. பிரிட்ஜு, அயர்ன் பாக்ஸ், தையல் மிசினு மூணையும் ஒரே எக்ஸ்டென்சன் பொட்டியில கட்டி மேய்க்காத. எர்த் இருக்கற சாக்கெட்டுல பிரிட்ஜைத் தனியாச் சொருகு.

ஐஸ் கட்டிக்கிச்சுன்னு கத்தியால குத்தற வீரத்தையும் உட்டுரு. இப்ப வர்ற பொட்டிங்க பலதுலயும் ஐசோபியூட்டேன் வாயு இருக்குது. சமையல் கேஸுக்கு அது பங்காளி, குழாய் ஓட்டையாயி வெளிய வந்தா பொறி பட்டுத் தீப்புடிக்கும். ஸ்விட்சை நிறுத்திக் கதவைத் தொறந்து வெச்சா ஐஸ் தானா உருகுது.

சிரிச்சது போதும், இதைச் சிரிக்காமக் கேளுங்க. 2022 நவம்பர்ல, சென்னைக்குப் பக்கத்துல ஊரப்பாக்கத்துல, ரொம்ப நாளாப் பூட்டிக் கெடந்த ஊட்டுக்குத் திரும்பி வந்து படுத்த குடும்பத்துல, ராத்திரி பிரிட்ஜு வெடிச்சுப் பொகையில மூச்சு முட்டி 3 பேர் செத்துப் போனாங்க. தீவாளிக்குக் கம்பெனி லீவுல ஊருக்குப் போறப்ப பொட்டியக் காலி பண்ணித் தொடைச்சு, பிளக்கைக் கழட்டி, கதவைக் கொஞ்சம் தொறந்தாப்புல உட்டுட்டுப் போங்க. வந்ததும் வயரைப் பாத்துட்டுச் சொருகுங்க. கருகற வாசம் வந்தா மெயினை நிறுத்திட்டு மெக்கானிக்கைக் கூப்புடுங்க. கேஸ் வாசம் வந்தா எந்த ஸ்விட்சையும் தொடாம, சன்னலைத் தொறந்துட்டு வெளிய வந்துருங்க.

இத்தனை சொன்னதுக்குக் கூலி ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் அம்மிணி. நீங்க தின்னு தீக்க முடியாத பழைய கொழம்பை, "தாத்தா, உங்களுக்குன்னு எடுத்து வெச்சேன்"னு கொண்டாந்து குடுக்கற தர்மத்தை இன்னையோட நிறுத்தீரு. குடுக்கறதா இருந்தா அன்னன்னைக்கு ஆக்குனதைக் குடு.