குறுக்கே வருவோர் இயல்: ஒரு முதற்கட்ட ஆய்வு

கோயில் கட்டடக்கலை பற்றி அலமாரி கொள்ளாத அளவுக்கு நூல்கள் உண்டு. அந்தக் கோயில்களைப் படமெடுக்கும்போது சரியாக விரல் பொத்தானை அழுத்தும் நேரம் பார்த்துக் குறுக்கே வரும் ஆளைப் பற்றி ஒரு துண்டறிக்கைகூட இல்லை. இக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வெல்லை: திருவள்ளூர் பக்கத்துச் செவ்வாப்பேட்டையில் காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்பக்கூடிய இடங்கள். நிதி நல்கை எதுவும் கிடைக்காததால் எல்லை இவ்வாறு அமைந்தது.

முதல் சான்று சென்னைப் பக்கமாக இரண்டாவது ஸ்டேஷனிலேயே கிடைக்கிறது. திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் கையில் காசில்லாமல் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் கற்றளிக்குக் குடமுழுக்கு வைத்திருந்த பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, தாம் பூசலார் கோயிலுக்குப் போகவேண்டியிருப்பதால் தேதியை மாற்றச் சொன்னார் என்பது பெரியபுராணச் செய்தி. பக்தி நோக்கில் இதன் பெருமையைப் பலரும் பேசியாயிற்று. படக்கலை நோக்கில் எவரும் பேசாத பெருமை ஒன்றுண்டு: குறுக்கே ஆள் வராத ஒரே கோயில் அது. கேமராவும் போக முடியாது என்பது வேறு விஷயம். பின்னாளில் அவ்வூரில் இருதயாலீசுவரர் கோயில் கல்லிலேயே எழுந்தது. எழுந்த அன்றே ஆட்களும் வந்திருப்பார்கள்.

குறுக்கே வருவோரில் மிகவும் ஆபத்தானவர் மரியாதை தெரிந்தவர். கேமராவைக் கண்டதும் "சாரி சார்" என்று இடுப்பை வளைத்துக் குனிந்து நகர்வார். நிமிர்ந்து நடந்தால் மூன்று நொடியில் கடந்திருப்பார். குனிந்ததால் வேகம் பாதியாகிறது, முதுகு மட்டும் கோபுர வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இவருக்கு அடுத்தவர், நாம் எடுத்து முடிக்கட்டும் என்று நின்றுவிடுபவர். நிற்கும் இடமோ படத்தின் ஓரத்துக்குள்ளேயே இருக்கும். அவர் போகட்டும் என்று நாமும் நிற்போம். "நீங்க எடுங்க." "பரவால்ல, நீங்க போங்க." இந்த உபசாரம் முடிவதற்குள் மேகம் வந்து வெயில் போய்விடும். மூன்றாம் வகையினர் குடும்பமாக வருவர். நம் கையில் தங்கள் போனைக் கொடுத்து, "அண்ணா, ஒண்ணே ஒண்ணு" என்பர். ஒன்று எடுத்தபின், "பையன் கண்ணை மூடிட்டான், இன்னொண்ணு" என்பர். மண்டபத் தூணடியில் துண்டு விரித்துப் படுத்திருப்பவரை இவ்வாய்வு கணக்கில் கொள்ளவில்லை. அவர் குறுக்கே வந்தவர் அல்லர், கட்டடத்தின் உறுப்பு.

முன்னோர்க்கு இத்தொல்லை இல்லை. 1838இல் புகைப்படக் கலையின் முன்னோடியான தாகேர் பாரிஸில் ஒரு பெரிய சாலையைப் படமெடுத்தார். தகடு ஒளியை வாங்கச் சில நிமிடங்கள் ஆனதால் ஓடிய வண்டிகளும் நடந்த மக்களும் மாயமாக மறைய, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு நின்ற ஒருவர் மட்டும் பதிவானார். சென்னை மாகாண அரசின் படப்பிடிப்பாளராக இருந்த லினீயஸ் டிரைப் 1858இல் எடுத்த மதுரை, தஞ்சைப் படங்கள் பலவற்றில் ஈ காக்கை இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒரே நீளமாக ஒட்டியவர் அவர். இன்று அதைச் செய்ய முனைபவர் 21 குடும்பங்களுக்கும் சேர்த்துப் படமெடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

தாகேர் முறையை இன்றும் கையாளலாம் என்பர் அறிஞர். லென்ஸின் முன் ஒளியை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியை மாட்டினால் 1/125 நொடியில் முடிவது 8 நொடியாக நீளும், நடப்பவர் கரைந்துவிடுவார். ஆனால் இம்முறை செல்பிக்கு முந்தைய காலத்தது. செல்பி எடுப்பவர் 8 நொடி அல்ல, பாலிஷ் போட்ட பாரிஸ்காரரைவிட அதிக நேரம் ஆடாமல் அசையாமல் நிற்கிறார். முக்காலி வைக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வேறு வேண்டும். போனிலேயே ஆளை அழித்துவிடலாம்தான். அழித்த இடத்தில் போன் தன்பாட்டுக்கு ஒரு கல்லை வரைந்துவைக்கிறது. பல்லவன் செதுக்காத சிங்கத்தைப் பல்லவன் தலையில் கட்டுவது அறமன்று.

மாமல்லபுரத்தில் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டையை யாரும் தாங்கிப் பிடிக்காத நிலையில் எடுப்பது இத்துறையின் உச்ச சோதனை. சுமார் 250 டன் எடையுள்ள அந்தப் பாறையை ஊரே மாறி மாறி உள்ளங்கையால் தடுத்துக்கொண்டிருக்கிறது. பொதுமக்கள் இல்லாமல் அது காட்சியளித்தது 2019 அக்டோபர் 11 அன்று. பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் வருவதற்காகக் கூட்டத்தை அப்புறப்படுத்தியிருந்தார்கள். அன்றைய படத்திலும் பாறைக்கு முன்னால் இருவர் கைகோத்து நிற்கிறார்கள். பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் பெரும்பாலும் கூட்டமே இருக்காதே என்று அங்கே போனால், வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள்.

ஆளில்லாத கட்டடம் என்ற ஆசையே பிழையோ என்ற ஐயம் இந்தக் கட்டத்தில்தான் எழுந்தது. மாமல்லபுரத்தில் தவக் காட்சியைச் செதுக்கிய பெரும்பாறைச் சிற்பத்தில் 100க்கும் மேற்பட்ட உருவங்கள். வானோர், யானைகள், எலிகள் சூழத் தவம் செய்யும் பூனை. பாறைப் பிளவின் அடியில், நதியாகக் காட்டியுள்ள இடத்தின் கரையில், ஒருவன் குளித்துவிட்டு ஈரத்துணியைப் பிழிகிறான். இன்னொருவன் தோளில் குடம் சுமக்கிறான். தவத்துக்கும் இவர்களுக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. குறுக்கே வந்தவர்கள். சிற்பி விரட்டாமல் செதுக்கிவிட்டான். செவ்வாப்பேட்டைக்கு மேற்கே இரண்டாவது ஸ்டேஷனான திருவள்ளூரில் அமாவாசையன்று இறங்கி, வீரராகவப் பெருமாள் கோயிலின் ஹிருத்தாபநாசினிக் குளத்தங்கரைக்குப் போய்ப் பாருங்கள். வெல்லம் கரைத்துவிட்டுப் படியேறுபவர்கள் அதே வளைவில் குனிந்து, அதே முறுக்கில் வேட்டியைப் பிழிகிறார்கள். குளத்தைக் காலியாக எடுத்த படத்தில் இருப்பது தண்ணீரும் படிக்கட்டும்தான். படி எவ்வளவு உயரம் என்றுகூட அதில் தெரியாது.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோயிலிலோ பூங்காவிலோ எவராவது ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கேமராவுடன் நின்றால், தயவுசெய்து குனியாதீர்கள், நிற்காதீர்கள், சாரி சொல்லாதீர்கள். நிமிர்ந்து, உங்கள் வேகத்தில், உங்கள் வேலையைப் பார்த்துப் போங்கள்.