ஆறே படிகளில் சர்க்யூட் போர்டு

மொட்டைமாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. ஒரு ட்ரான்சிஸ்டர், ஒரு ரிலே, ஒரு டயோடு, நாலைந்து ரெசிஸ்டர்களை ஜீரோ பிசிபியில் சால்டர் செய்தால் ஒரே சாயங்காலத்தில் முடிந்துவிடுகிற வேலை. முடிந்துவிட்டால் அப்புறம் அது என்ன பொழுதுபோக்கு? ஆகவே, முறைப்படி போர்டு வரைந்து ஃபேக்டரியில் அடித்து வாங்க ஆசைப்படுபவர்களுக்காக இந்த வழிகாட்டி.

படி 1: சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுங்கள், அவசரமே வேண்டாம்

முதலில் ஆல்டியம் டிசைனரைப் பாருங்கள். 1985-இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் புரோடெல் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனத்துடையது. செல்போன், கார் கம்பெனிகளுக்கு உகந்தது. விலை ஆயிரக்கணக்கான டாலர். உங்கள் போர்டுக்கு ஒரு லேயர் போதும் என்பதை மறந்துவிட்டு, எத்தனை லேயர் போடலாம் என்று மட்டும் விசாரியுங்கள்.

அடுத்து ஈகிள். 1988-இல் ஜெர்மனியில் பிறந்தது. இலவசப் பதிப்பில் 80 சதுர சென்டிமீட்டருக்கு மேல் வரைய விடாது. 2016-இல் ஆட்டோடெஸ்க் வாங்கியது. மறு வருஷமே சந்தா முறை வந்தது. 2023-இல், 2026 ஜூனோடு கடையைக் கட்டப்போவதாக அறிவிப்பும் வந்தது. காலமெல்லாம் ஈகிளிலேயே வரைந்து பழகியவர் யாராவது இருந்தால் அவரிடம் யோசனை கேளுங்கள். துக்கம் விசாரித்துவிட்டு வர ஒரு ஞாயிற்றுக்கிழமை சரியாக இருக்கும்.

பிறகு கீகேட். பிரான்ஸின் கிரெனோபிளில் ழான்-பியர் ஷரா என்ற பேராசிரியர் 1992-இல் எழுதத் தொடங்கியது. ஹிக்ஸ் போஸானைக் கண்டுபிடித்த செர்ன் ஆய்வகம் 2013-இலிருந்து இதற்குக் கைகொடுக்கிறது. போர்டு அளவுக்குத் தடையில்லை, 32 லேயர் வரை போடலாம், காசும் கிடையாது. காசு கேட்காத பொருள் நல்லதாக இருக்குமா என்று ஒரு வாரமாவது சந்தேகப்படுவதே முறை.

கடைசியாக ஈஸிஇடிஏ. பிரவுசரிலேயே வரையலாம். பாகத்தின் கடை எண், போர்டில் அதன் கால்கள் உட்காரும் அமைப்பான ஃபுட்பிரின்ட், ஆர்டர் பட்டன் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும்; அழுத்தினால் ஆர்டர் நேராகச் சீனாவின் ஷென்ஜென் போய்ச்சேரும். இவ்வளவு சுலபமாக இருந்தால் ஆராய்ச்சி செய்ய என்ன மிச்சம்?

இருபது பாகம்கூட இல்லாத போர்டுக்கு இந்த நாலில் எது கிடைத்தாலும் போதும் என்று யாராவது சொல்ல வந்தால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

படி 2: பாதி வரைந்ததும் அப்டேட் செய்யுங்கள்

புது கீகேட்டில் சேமித்த ஃபைலைப் பழைய கீகேட் திறக்காது. ஆகவே வீட்டுக் கம்ப்யூட்டரில் புதியதும் ஆபீஸ் லேப்டாப்பில் பழையதும் இருக்கட்டும்.

படி 3: ஃபுட்பிரின்ட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புங்கள்

ட்ரான்சிஸ்டருக்கு மூன்று கால். எந்தக் கால் எது என்றெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் காரியம் நடக்குமா? தட்டையான முகம் உங்களைப் பார்த்திருக்க, பிசி 547-க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என் 3904-க்கு அப்படியே தலைகீழ்: எமிட்டர், பேஸ், கலெக்டர். ஒன்றுக்கு வரைந்துவிட்டு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று கொடுப்பதை வாங்கிப் பொருத்துங்கள்.

சில பயந்தாங்கொள்ளிகள் லேஅவுட்டை நிஜ அளவில் தாளில் பிரின்ட் எடுத்து, வாங்கிய ரிலேயின் கால்களை அதில் குத்திப் பார்ப்பார்கள். ஓட்டை விலகியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இரண்டு வாரம் காத்திருந்து, பார்சலைப் பிரித்துக் கண்டுபிடிக்கிற சுகம் அவர்களுக்குக் கிடையாது.

படி 4: ட்ராக் போடுவதில் சமத்துவம் காட்டுங்கள்

தொட்டியிலிருந்து வரும் சென்சார் ஒயருக்கும் மின்சாரம் பாயும் லைனுக்கும் ஒரே கால் மில்லிமீட்டர் அகலம் கொடுங்கள். வழக்கமான போர்டில் செம்பின் கனம் 35 மைக்ரான். அந்த அகலத்துக்கு ஒரு ஆம்பியர் தாங்கினாலே பெரிது. ஒரு ஹெச்பி மோட்டார் ஓடும்போதே நாலைந்து ஆம்பியர் இழுக்கும், கிளம்பும்போது அதைப்போல் பல மடங்கு.

ஒரு பத்தி மட்டும் விளையாட்டில்லாமல்: சாஃப்ட்வேருக்கு 230 வோல்ட் என்றால் என்னவென்று தெரியாது. நீங்கள் தனியாகச் சொல்லாதவரை, இரண்டு ட்ராக்குக்கு நடுவே 0.2 மில்லிமீட்டர் இருந்தாலே கீகேட்டின் விதிச் சோதனை (டிஆர்சி) பாஸ் போட்டுவிடும். கரண்ட் வரும் பக்கத்துக்கும் தண்ணீரைத் தொடும் சென்சார் பக்கத்துக்கும் குறைந்தது 6 மில்லிமீட்டராவது விடுங்கள். போர்டில் உள்ள ரிலே மோட்டாரை நேரடியாக இழுக்காமல், கனமான கரண்டைத் தாங்கும் கான்டாக்டரை இழுக்கட்டும். அது மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும்.

படி 5: விலை பார்த்து ஃபேக்டரியைத் தேர்ந்தெடுங்கள்

எந்த சாஃப்ட்வேரில் வரைந்தாலும் கடைசியில் வெளியே வருவது கெர்பர் ஃபைல்தான். ஃபிலிமில் ஒளியால் வரையும் எந்திரங்களுக்காக அமெரிக்காவின் கெர்பர் நிறுவனம் 1980-இல் வெளியிட்ட முறை. உலகத்து ஃபேக்டரிகளில் பெரும்பாலானவை இன்றும் அதன் புதிய வடிவத்தைத்தான் கேட்கின்றன. படி 1-இல் செலவழித்த வாரங்களைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம்.

சீனாவின் ஜேஎல்சிபிசிபி போன்றவர்கள் 10 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் ஐந்து போர்டை 2 டாலர் சலுகையில் தருவார்கள். அந்த 2 டாலரை மட்டும் வீட்டில் சொல்லுங்கள். கூரியர், கஸ்டம்ஸ், கஸ்டம்ஸைக் கட்டிக்கொடுத்ததற்காகக் கூரியர்காரர் கேட்கும் கட்டணம் எல்லாம் இரகசியக் கணக்கில் இருக்கட்டும். காந்திநகரிலும் பெங்களூரிலும் போர்டு அடித்துத் தருகிறார்கள். கஸ்டம்ஸ் தொல்லை இல்லை, ஆனால் 2 டாலர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அமெரிக்காவின் ஓஷ் பார்க் மூன்று போர்டாக, ஊதா நிறத்தில் தரும். சதுர அங்குலத்துக்கு 5 டாலர். அந்த ஊதாவுக்காகவே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

நிறமும் தேர்ந்தெடுக்க வேண்டுமே. பச்சையில் ட்ராக் கண்ணுக்குத் தெரியும், தப்பு நடந்தால் தேடலாம். கறுப்பில் ஒன்றும் தெரியாது. போர்டு போகப்போவது மாடிப்படிக்கு அடியில், மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள், யாரும் பார்க்கப்போவதில்லை. ஆகவே கறுப்பு. முடிந்தால் தங்க முலாமும் பூசச் சொல்லுங்கள்.

படி 6: பவர் கொடுத்துப் பாருங்கள்

வேலை செய்யாது. பதற வேண்டாம், முதலில் சாஃப்ட்வேரையும் அடுத்து ஃபேக்டரியையும் திட்டித் தீர்த்துவிட்டு, மல்டிமீட்டரை எடுங்கள். தப்பான ட்ராக்கை பிளேடால் அறுத்து, மெல்லிய ஒயர் ஒன்றைக் குறுக்கே சால்டர் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பெரிய கம்பெனிகளின் முதல் போர்டுகளிலும் இப்படி ஒயர் தொங்குவதுண்டு. கிடைத்த சாஃப்ட்வேரில் முதல் வாரமே வரைந்து அனுப்பியிருந்தால் இந்தத் தப்பு முதல் மாதமே தெரிந்திருக்கும் என்ற நினைப்பு வரும். வந்தால் பச்சைத்தண்ணீர் குடியுங்கள்.

எச்சரிக்கை: ஒன்று வேலை செய்ததும் மீதி நாலு போர்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வருவார்கள். கொடுத்துவிடாதீர்கள். அப்புறம் அந்தத் தெருவில் எந்த மோட்டார் எரிந்தாலும் விடிகாலையில் உங்கள் வீட்டுக் கதவுதான் தட்டப்படும்.