எடைமேடைக்கு ஒரு ஏஜென்ட்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி ஆலை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய இரும்பு ஏற்றி வரும் லாரியின் பில்லையும் எடைமேடைச் சீட்டையும் ஒத்துப் பார்த்து, கிலோ இடித்தால் சொல்ல வேண்டும். வேலை அவ்வளவுதான். "ஏஐ ஏஜென்ட் வைத்துவிடலாம்ப்பா" என்கிறார் முதலாளியின் மகன். அதைக் கட்ட எந்த ஓப்பன் சோர்ஸ் ஃப்ரேம்வொர்க் என்று முடிவு செய்யக் கமிட்டி கூடுகிறது.

ஒருவர் 2022-இல் வந்த லாங்செயின் என்கிறார். அடுத்தவர் லாங்கிராஃப் என்று மல்லுக்கு நிற்கிறார். இரண்டும் ஒரே கம்பெனிச் சரக்கு. மைக்ரோசாஃப்டின் ஆட்டோஜென் ஃப்ரேம்வொர்க்கை உருவாக்கியவர்களில் சிலர் 2024-இல் ஏஜி2 என்று தனிக்குடித்தனம் போனார்கள். 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்டோ ஆட்டோஜென்னையும் செமான்டிக் கெர்னலையும் சேர்த்து 'ஏஜென்ட் ஃப்ரேம்வொர்க்' என்று புதுப் பலகை மாட்டிவிட்டது. க்ரூஏஐ-யில் ஏஜென்ட்டுகளுக்கு ஆளுக்கொரு பதவி உண்டு. ஆய்வாளர், எழுத்தர், மேலாளர் என்று. சம்பள உயர்வு கேட்காத ஸ்டாஃப் என்பதால் முதலாளிக்கு அதன்மேல் ஒரு கண்.

எடைமேடைக்காரரை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. மழையில் நனைந்த சீட்டில் இருப்பது 3-ஆ 8-ஆ என்று தெரியாவிட்டால் டிரைவருக்குப் போன் போடுகிறவர் அவர்தான்.

ஃப்ரேம்வொர்க் இல்லாமல் ஏபிஐ-யை நேரடியாகக் கூப்பிட்டுத் தொடங்குங்கள் என்று, ஏஐ மாடல் விற்கும் ஆந்த்ரோபிக்கே 2024 டிசம்பரில் எழுதிவிட்டது. சீட்டைப் படிக்க ஒரு மாடல் போதும். மீதி வெறும் கழித்தல் கணக்கு. அதற்கு எக்செல் இருக்கிறது.