சென்ட் என்ன விலை?

திருக்கடையூரில் சொந்தக்காரர் யாருக்காவது அறுபதாம் கல்யாணம் என்றால், பந்தி முடிந்த கையோடு ஒரு வேன் தரங்கம்பாடிக்குக் கிளம்பும். பக்கத்திலேயே கடல், கோட்டை. பொழுது சாயும்வரை சாவகாசமாகச் சுற்றலாம். அந்த வேனில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் கட்டாயம் ஒரு மாமா இருப்பார். இடத்தைப் பார்க்க வருகிறவர் இல்லை. ‘இடம்’ பார்க்க வருகிறவர்.

மாமாவுக்கு ரசனை கிடையாது என்று யாரும் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ரசிப்பார், சதுர அடிக் கணக்கில். வழியில் வயல் வந்தால் நமக்குப் பச்சை தெரியும், அவருக்கு எல்லைக்கல் தெரியும். டீக்கடையில் சர்க்கரை கம்மியாக ஒரு டீ சொன்ன மூச்சிலேயே, “இங்க சென்ட் என்ன போகுது தம்பி?” என்பார். வாங்கப் போகிறாரா என்றால், இல்லை. கேட்டு வைப்பார்.

தரங்கம்பாடிக்குள் நுழையும் இடத்தில், 1792-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய நகர வாசல் நிற்கிறது. பிள்ளைகள் மேலே இருக்கும் அரச முத்திரையை அண்ணாந்து பார்த்தார்கள். மாமா வாசலின் அகலத்தை அடி வைத்து அளந்தார். “லாரி நுழையாதே மாப்ளே. ஜல்லி, மணலெல்லாம் எப்படி இறக்குவான்?”

ராஜ வீதியில் 1718-இல் கட்டிய புது எருசலேம் தேவாலயம். சீகன்பால்கு 1706-இல் இந்த ஊருக்கு வந்ததையும், தமிழ் படித்ததையும், புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து 1715-இல் இங்கேயே அச்சில் கொண்டுவந்ததையும் நான் கொஞ்சம் உருகித்தான் சொன்னேன். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அச்சாபீஸ் சொந்த இடமா, வாடகையா?” என்றார்.

டேன்ஸ்போர்க் கோட்டையில்தான் அவருக்கு உண்மையிலேயே உற்சாகம் வந்தது. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்கு இடம் கொடுத்ததையும், அவர் டென்மார்க் ராஜாவுக்குத் தங்கத் தகட்டில் அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருப்பதையும் சொன்னதும் மனிதர் நிமிர்ந்துவிட்டார்.

“மூலப் பத்திரம் கோபன்ஹேகன்லயா? அப்ப இங்க எந்த பேங்க் லோன் கொடுப்பான்?”

1845-இல் தரங்கம்பாடியை வெள்ளைக்காரக் கம்பெனிக்கு விற்றார்கள், வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய் என்றேன். மாமா அங்கேயே நிழலில் உட்கார்ந்து, செல்போனில் கால்குலேட்டரைத் திறந்தார். அத்தை, “காத்து நல்லா வருது, கொஞ்சம் கடலைப் பாருங்களேன்” என்றாள். “கிழக்குப் பார்த்த சைட்டுடி, காத்து வராம?” தலை நிமிரவில்லை.

கரையில் மாசிலாமணி நாதர் கோயில். பாண்டியர் காலத்தது, வயது 700-க்கு மேல். முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். மாமாவும் போட்டுக்கொண்டார், போட்டுக்கொண்டே, கடல் எடுத்த பாகத்துக்கு வில்லங்கத்தில் என்ன காட்டும் என்று யோசித்தார். பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் வழக்கமான கேள்வியைப் போட்டார். பெரியவர் கண்ணைச் சுருக்கி இருபுறமும் பார்த்துவிட்டு, “கரைப் பக்கமா கேக்குறீங்களா, தண்ணிப் பக்கமா?” என்றார்.

இத்தனைக்கும் மாமாவிடம் இருப்பது ஒரே ஒரு மனை, செங்கல்பட்டுப் பக்கம். எப்போதோ தவணையில் வாங்கியது. வருஷத்துக்கு ஒருமுறை பட்டா, சிட்டா, வரைபடம் சகிதம் போவார். சீமைக்கருவேல முள்ளுக்குள் தன் நாலு கல்லைத் தேடுவார். சில வருஷம் மூன்று கிடைக்கும். கிடைக்காத கல்லுக்காக இன்னொரு வருஷம் போவார். யாராவது விற்கச் சொன்னால், “இப்பவா? ரோடு வரட்டும்” என்பார்.

திரும்பும்போது வேனில் எல்லோருக்கும் கண் சொக்கியது. மாமா மட்டும் டென்மார்க் ராஜாவை நினைத்து வருத்தப்பட்டுக்கொண்டு வந்தார்.

“அவசரப்பட்டுட்டான் மாப்ளே. இந்த ஊருக்கு ரயில் எப்ப வந்துச்சு?”

“மாயவரத்துலேருந்து 1926-ல விட்டாங்க மாமா.”

“பார்த்தியா! அதுவரைக்கும் கையில வச்சிருந்தா எங்கேயோ போயிருக்கும். இப்ப ரயில் ஓடுதா?”

“இல்ல, 1986-ல நிறுத்திட்டாங்க.”

மாமா கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார்.

“அப்ப வித்தது சரிதான்.”